பொழுதுபோக்கு மரவேலைக்கு மரம் எங்கே கிடைக்கும், வாங்கும்போது என்ன பார்க்கணும்?

1. மரத்தூள்

எல்லாருக்கும் வணக்கம். சின்னப் பெட்டிகள், ஒரு ஸ்டூல், ஒரு புத்தக அலமாரி செய்யப் போறேன். கையில் இருப்பது கை ரம்பம், இரண்டு இழைப்புளி, உளி செட், ஒரு டிரில் மட்டும்தான். மரக்கடைகளில் பெரும்பாலும் கட்டட வேலைக்கான தடித்த சட்டங்கள்தான் வைத்திருக்காங்க. எனக்கு வேண்டியது 1 அங்குலப் பலகை, கொஞ்சமாக, நல்லா காய்ந்ததாக. மூணு கேள்வி: கடையை விட்டால் வேறு எங்கே தேடலாம்? எவ்வளவு வாங்கணும்? பச்சை மரம் மலிவாகக் கிடைச்சா வாங்கி வீட்டிலேயே காயவைக்க முடியுமா?

2. ரசமட்டம்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கறேன். அதுக்குப் பதில் தெரியாமல் எந்த இடத்துக்குப் போனாலும் பேச முடியாது.

துண்டுப் பட்டியல் ஒன்று எழுதுங்க. உங்க அலமாரியை உதாரணமாக எடுத்தால்: பக்கப் பலகை 2, ஒவ்வொன்றும் 48 × 10 அங்குலம். தட்டு 4, ஒவ்வொன்றும் 30 × 10. இழைத்த பிறகு தடிமன் முக்கால் அங்குலம் வேணும்னா, இழைக்காத பலகை 1 அங்குலம் இருக்கணும். கணக்கு இந்த 1 அங்குலத்தில்தான் போடணும், முக்காலில் போட்டால் குறையும்.

960 + 1200 = 2160 சதுர அங்குலம். தடிமன் 1 என்பதால் 2160 கன அங்குலம். 1728-ஆல் வகுத்தால் 1.25 கன அடி. இது சேதாரம் இல்லாத கணக்கு. கணு, முனை வெடிப்பு, ஓரத்து வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரம்), ரம்ப வாய் (அறுக்கும்போது தூளாகப் போவது) எல்லாம் கழிய 35 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 1.7 கன அடி. பச்சையாக வாங்கிக் காயவைக்கப் போறீங்கன்னா 50 சதவீதம் சேர்த்து 1.9.

போர்டு அடியில் (1 அடி நீளம், 1 அடி அகலம், 1 அங்குலத் தடிமன்) விற்கிற இடத்தில் 1 கன அடிக்கு 12 போர்டு அடி. கன மீட்டரில் சொன்னால் 1 கன மீட்டருக்கு 35.3 கன அடி.

பட்டியலில் மிக நீளமான துண்டையும் மிக அகலமான துண்டையும் வட்டம் போட்டுக்குங்க. தேடுவது அந்த இரண்டுக்கும்தான். மத்த எல்லாம் வெட்டுத்துண்டிலேயே தேறிடும்.

3. கொட்டாப்புளி

கடைசி வரியை அப்படியே பிடிச்சுக்கறேன். வெட்டுத்துண்டுக்குச் சிறந்த இடம் மரக்கடை இல்லை, மரச்சாமான் பட்டறை. கதவு, ஜன்னல், படிக்கட்டு, தரைப்பலகை செய்கிற இடங்களில் ஒரு அடி, ஒன்றரை அடித் துண்டுகள் தினமும் விழும். அவங்களுக்கு அது அடுப்புக்கும் மூட்டைக்கும் போற சரக்கு. பெட்டி செய்யறவங்களுக்கு அதுவே போதும். பல பட்டறைகள் சீசன் பண்ண, அதாவது முறையாகக் காயவைத்த, மரத்தை வாங்குவதால் பாதி வேலை அங்கேயே முடிஞ்சிருக்கும்.

கேட்கிற முறை முக்கியம். வேலை மும்முரமாக ஓடும்போது போய் நிற்காதீங்க. “என்ன மரம் இருக்கு?”ன்னு கேட்டால் “எதுவும் இல்லை”ன்னுதான் பதில் வரும். “1 அங்குலத் தடிமன், 14 அங்குலத்துக்குக் குறையாத நீளம், கணு இருந்தாலும் பரவாயில்லை”ன்னு கேளுங்க. குவியலைக் கலைத்தால் திரும்ப அடுக்கிட்டு வாங்க. அடுத்த தடவை அவங்களே எடுத்து வைப்பாங்க.

4. உளிமுனை

ஒரு எச்சரிக்கை. விற்பவர் சொல்கிற பெயரை வைத்து மரத்தைத் தீர்மானிக்க வேண்டாம். வியாபாரப் பெயர் வேறு, மரம் வேறு. “ஆப்பிரிக்கத் தேக்கு” என்று விற்பது பல நேரம் இரோகோவோ அஃப்ரோர்மோசியாவோதான். “பிரேசில் தேக்கு” என்பது குமாரு. இவை எதுவும் அசல் தேக்கான டெக்டோனா கிராண்டிஸ் அல்ல. “பிலிப்பைன் மஹோகனி” என்பது ஷோரியா வகை, அதற்கும் அசல் மஹோகனிக்கும் உறவு இல்லை. மட்டமான மரங்கள் என்று சொல்லவில்லை. சுருங்கும் அளவு, எடை, பசை பிடிக்கும் விதம் எல்லாம் மாறும் என்பதுதான் விஷயம்.

முனையில் ஒரு ஓரத்தைக் கூர்மையான பிளேடால் சீவி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ரம்பம் அறுத்த முகத்தில் எதுவும் தெரியாது, சீவினால்தான் துளைகள் திறக்கும். தேக்கில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும், போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். மஹோகனியில் துளைகள் பரவலாகச் சிதறி இருக்கும். இந்த ஒரு பார்வையிலேயே பாதிப் பொய்கள் விழுந்துவிடும்.

ரோஸ்வுட் வகை தென்பட்டால் பில் இல்லாமல் தொட வேண்டாம். ரோஸ்வுட் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. எந்த நாட்டிலும் எல்லை தாண்டும்போது கேள்வி வரும்.

5. இழைப்புளி

மரம் எங்கிருந்து வந்தது என்பதைவிட அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதுதான் உங்கள் அலமாரி நேராக நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும். இடத்தை எல்லோரும் பேசுகிறார்கள், ஈரத்தை யாரும் பேசுவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பச்சை மரம் காயும்போது ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு இறங்கும்வரை எடை மட்டும் குறையும், அளவு குறையாது. அதற்குக் கீழே போகும்போதுதான் சுருக்கம் தொடங்கும். வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம் அதிகம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் ஏறக்குறைய பாதி. பலகை குழிவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். தேக்கு நிதானமான மரம். அதுவே முழுப் பச்சையிலிருந்து முழுக் காய்ச்சலுக்குள் வளையத் திசையில் 5.8 சதவீதம் சுருங்கும். 30-லிருந்து 12 சதவீதத்துக்கு வந்தால் அதில் முக்கால்வாசிக்கும் குறைவு, சுமார் 3.5 சதவீதம். 10 அங்குல அகலப் பலகையில் இது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். பச்சையாக இருக்கும்போதே மூட்டு போட்டால் அந்த 9 மில்லிமீட்டர் மூட்டைத்தான் பிளக்கும்.

எவ்வளவு காய்ந்தால் போதும்? காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் உள்ள இடத்தில் மரம் 9-இல் நிற்கும். 65-இல் 12. 80-இல் 16. சாமான் இருக்கப்போகும் அறையின் நிலவரத்துக்கு மரம் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். “8 சதவீதம் வேண்டும்” என்று எங்கேயோ படித்துவிட்டு ஈரக்காற்று உள்ள இடத்தில் அதற்காக அலைய வேண்டாம்.

முள் குத்தும் ஈரமானி வாங்கினால் பலகையின் மேற்பரப்பில் குத்தி நம்பிவிடாதீர்கள், வெளியே 11 காட்டும், உள்ளே 20 இருக்கும். முனையிலிருந்து ஒரு அடி தள்ளி வெட்டி, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்துங்கள். 30-க்கு மேல் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

மீட்டர் இல்லாமலும் பார்க்கலாம். அதே இடத்தில் 1 அங்குலக் குறுக்குத் துண்டு வெட்டி உடனே எடை போடுங்கள். 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் வைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். 150 கிராம் துண்டு 120-இல் நின்றால், குறைந்த 30-ஐ உலர்ந்த எடையான 120-ஆல் வகுக்க வேண்டும்: 25 சதவீதம். 150-ஆல் வகுத்தால் 20 என்று வரும், அது தப்பு. இந்த இடத்தில் பலரும் சறுக்குகிறார்கள்.

6. ஈர்வாள்

அறுவை மில்லை யாரும் இன்னும் சொல்லலை. கடைக்குப் போற மரம் அங்கிருந்துதான் போகுது. மில்லில் மூணு விதமான சரக்கு உங்களுக்கு ஆகும்.

முதலாவது, ஆர்டருக்கு அறுத்து மிஞ்சின பலகை. ஒன்றிரண்டுதான் இருக்கும், அளவு ஒத்து வராது, ஆனால் நல்ல மரம். இரண்டாவது, பட்டையோடு வரும் வெளிச்சிலாப். ஒரு பக்கம் வளைவா இருக்கும், பெரும்பாலும் வெள்ளைதான். ஆனால் பருமனான மரத்தின் சிலாப்பில் 2 அங்குலத்துக்கு மேல் வைரம் (உள்ளே இருக்கும் கருத்த, உறுதியான மரம்) ஒட்டியிருக்கும். முனையைப் பார்த்தால் நிற வித்தியாசம் தெரியும், அதை மட்டும் எடுங்க. மூணாவது, முழு மரத்துண்டைக் கொண்டு போய் கூலிக்கு அறுத்து வாங்கறது.

கூலிக்கு அறுக்கறதா இருந்தால் மரம் வெட்டுபவர்கள், பூங்காப் பராமரிப்பு, சாலை விரிவாக்கம், புயலுக்குப் பின்னாடி சாய்ந்த மரங்கள் என்று வழி நிறைய. வெட்டவோ ஏற்றிக்கொண்டு போகவோ அனுமதி தேவைப்படுகிற மரமா என்று உங்க ஊர் விதியை முதலில் பாருங்க.

எடுக்கும்போது: அடிமரம் மட்டும் எடுங்க. கிளை எவ்வளவு பருமனா இருந்தாலும் விட்டுடுங்க. சாய்ந்து வளர்ந்த மரமும் கிளையும் ஒரே ரகம், உள்ளே இறுக்கம் தேங்கியிருக்கும், அறுக்கும்போதே பலகை வில்லாக வளையும். அடையாளம் வேணும்னா முனையைப் பாருங்க. வளையங்களின் மையம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமா ஒதுங்கி இருந்தால் அந்த மரம் வேண்டாம். விட்டம் 12 அங்குலத்துக்குக் குறைஞ்சா மையத்தைக் கழிச்சபின் மிஞ்சறது ரீப்பர், அதாவது மெல்லிய சட்டம்தான்.

வெட்டின அன்றைக்கே இரண்டு முனையிலும் மெழுகோ தடிமனான பெயிண்டோ பூசணும். முனை வழியா ஈரம் போகும் வேகம் பக்கவாட்டை விடப் பல மடங்கு. ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் முனையிலிருந்து அரை அடி வெடிச்சுடும், அப்புறம் மெழுகு பூசி பிரயோஜனம் இல்லை.

7. மரத்தூள்

மையத்தைக் கழிக்கணும்னா என்ன அர்த்தம்? பழைய கட்டட மரம், பேலட் (சரக்கு அடுக்கி அனுப்பும் மரத் தட்டு) இதெல்லாம் சரிவருமா?

8. ஈர்வாள்

மரத்தின் நட்டநடுப் புள்ளி எந்தப் பலகைக்குள்ளேயும் அடைபட்டு இருக்கக் கூடாது. இருந்தால் அந்தப் பலகை கண்டிப்பா வெடிக்கும். அறுக்கிறவரிடம் “நடுவில் 2 அங்குலக் கட்டையைத் தனியா விட்டுடுங்க”ன்னு சொல்லுங்க.

9. கொட்டாப்புளி

பழைய கட்டட மரத்தைத்தான் முதல் தேர்வாச் சொல்வேன். பல வருஷம் ஒரே இடத்தில் நின்ன மரம், திருகறதெல்லாம் திருகி முடிச்சிருக்கும். நிலை, உத்தரம், பழைய மேசைப் பலகை எதுவானாலும் இப்படிப் பாருங்க.

சுத்தியலால் நீளம் முழுக்கத் தட்டுங்க. கணீர்னு வரும் சத்தம் ஒரு இடத்தில் மட்டும் மொத்துன்னு இறங்கினால் அங்கே உள்ளே கரையான் தின்னிருக்கு. உளி முனையால் குத்திப் பாருங்க, நல்ல மரம் முனையைத் தடுக்கும். சுவரில் புதைஞ்சிருந்த முனையையும் தரையைத் தொட்ட பக்கத்தையும் ஒரு சாண் கழிச்சே கணக்கு போடுங்க.

அடுத்தது ஆணி. கம்பிப் பிரஷ்ஷால் தேய்ச்ச பிறகுதான் மெட்டல் டிடெக்டர், நாலு பக்கமும். டானின் (துவர்ப்புச் சத்து) உள்ள மரத்தில் ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை இருக்கும், அதுவே வழிகாட்டும். தலை உடைஞ்ச ஆணியைப் பிடுங்கப் பார்த்தால் மரம் பிளக்கும். அதைச் சுற்றிக் குழாய் பிட் (குழாய் வடிவ டிரில் முனை) போட்டு மரத்தோடு எடுத்துட்டு, அந்த ஓட்டையை அதே மரத்துக் குச்சியால் அடைங்க. இழைப்புளி வைக்கிறது இதெல்லாம் முடிஞ்ச பிறகு.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல், பல நாடுகளில் அதுக்கு வெகு காலம் கழிச்சுத்தான். எனவே உப்புத்தாள் மெஷின் போடாதீங்க, ஹீட் கன்னும் வேண்டாம். ஈரமாக்கி ஸ்க்ரேப்பரால் சுரண்டி, சீவலைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்க.

10. இழைப்புளி

“திருகி முடிச்சிருக்கும்” என்பதில் ஒரு திருத்தம். முழு உத்தரமாக இருக்கும்வரை அது சரி. 6 அங்குல உத்தரத்தைப் பிளந்து 1 அங்குலப் பலகையாக்கினால் உள்ளிறுக்கம் அவிழும், நடுப்பகுதி வெளிப்பகுதியை விட ஈரமாகவும் இருக்கலாம். ஆகவே பழைய மரத்தையும் 5 மில்லிமீட்டர் கூடுதல் தடிமனில் அறுத்து, பலகைகளுக்கு நடுவே காற்று ஓட இடைக்குச்சி வைத்து 2, 3 வாரம் அடுக்கிவைத்த பிறகே இழைக்க வேண்டும்.

அவசரமாகச் சீசன் பண்ணிய கடைப் பலகைக்கும் இதே சோதனை உண்டு. குறுக்காக ஒரு துண்டு வெட்டி, நடுப்பகுதியை நீக்கி, இரண்டு காலுள்ள முள்கரண்டி மாதிரி ஆக்குங்கள். கால்கள் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கி வளைந்தால் வெளியே இறுகி உள்ளே இழுபட்ட மரம். அதை நீளவாக்கில் அறுத்தால் ரம்பத்தைக் கவ்வும். கை ரம்பமானால் சிக்கும், மேசை ரம்பமானால் பலகையை உங்கள் மேலேயே எறியும்.

11. உளிமுனை

பேலட் பற்றி. ஐபிபிசி (IPPC, சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம்) முத்திரை இருக்கிறதா பாருங்கள்: கோதுமைக் கதிர்ச் சின்னம், நாட்டின் இரண்டெழுத்து, கடைசியில் சிகிச்சைக் குறியீடு. எச்டி (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்தது என்று பொருள். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு அடித்தது, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். எச்டி என்பது பூச்சியைக் கொல்லும் சூடு மட்டுமே. மரம் காய்ந்தது என்றோ, இனிப் பூச்சி வராது என்றோ அதற்குப் பொருள் இல்லை.

முத்திரை சரியாக இருந்தாலும் எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ உள்ளதை ஒதுக்கிவிடுங்கள். உணவு படும் பலகை எதற்கும் பேலட் ஆகாது.

பிரிக்கும்போது கடப்பாரை போட்டால் பாதிப் பலகை பிளந்துவிடும். பேலட் ஆணிகள் முறுக்கு ஆணிகள், பின்னால் இழுத்தால் வராது. பலகைக்கும் கட்டைக்கும் நடுவே இரும்பறுக்கும் பிளேடைச் செலுத்தி ஆணியை அறுத்துவிடுங்கள். கிடைப்பது மெல்லிய பலகைதான், பெட்டிக்கு ஆகும், அலமாரிக்கு ஆகாது.

ரயில் ஸ்லீப்பர் கட்டை வேண்டவே வேண்டாம், கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியது. பச்சை சாயம் ஏறிய வெளிப்புறக் கட்டைகளிலும் ஆர்சனிக் இருக்கக்கூடும். அவற்றின் தூளும் புகையும் நஞ்சு.

12. மரத்தூள்

முழு மரத்துண்டு கிடைக்கிற வாய்ப்பு இருக்கு. சுற்றளவு 48 அங்குலம், நீளம் 6 அடி. எவ்வளவு பலகை தேறும்? அடுக்கி வைக்கிறது எப்படி?

13. ரசமட்டம்

விற்பவர் போடும் கணக்கு: சுற்றளவில் கால் பங்கு 12 அங்குலம், அதாவது 1 அடி. 1 × 1 × 6 = 6 கன அடி. கால் சுற்றளவு முறை இது, உண்மைக் கொள்ளளவில் 78.5 சதவீதம்தான் காட்டும். உண்மையில் இருப்பது 7.6 கன அடி. வாங்குபவருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை பட்டைக்கும் சிலாப்புக்கும் சரியாகிவிடும்.

7.6-இல் பலகையாக வருவது ஏறக்குறைய பாதி, 3.8. மையமும் வெள்ளையும் காய்ச்சல் சேதமும் போக 2.5 கன அடி நிற்கும். உங்க அலமாரிக்குத் தாராளம். ஸ்டூல் காலுக்கு 2 அங்குலக் கட்டை இரண்டு தனியா அறுக்கச் சொல்லுங்க, அதைப் பிளந்தால் நாலு கால். ஆனால் அவை காய 1 அங்குலப் பலகையை விட இரண்டு மடங்குக்கும் மேல் காலம் பிடிக்கும்.

14. இழைப்புளி

அடுக்கும் முறை. மழையும் நேர் வெயிலும் படாத, காற்று ஓடும் இடம். தரையிலிருந்து குறைந்தது ஒரு அடி உயரத்தில் அடிக்கட்டைகள், எல்லாம் ஒரே மட்டத்தில். அடிக்கட்டை முறுக்கினால் அடுக்கு முழுவதும் அதே முறுக்கோடு காயும், பிறகு இழைத்துச் சரிசெய்ய மரம் மிஞ்சாது.

இடைக்குச்சி 20 மில்லிமீட்டர் சதுரம், உலர்ந்தது, எல்லாம் ஒரே தடிமன். ஈரக்குச்சி வைத்தால் பலகையில் குறுக்குக் கோடாகக் கறை இறங்கும், அது இழைத்தாலும் போகாது. 1 அங்குலப் பலகைக்கு 40 சென்டிமீட்டருக்கு ஒரு குச்சி, 6 அடிக்கு 5 அல்லது 6. இரண்டு முனையிலும் குச்சி பலகையின் விளிம்போடு விளிம்பாக இருக்கட்டும். மேலிருந்து கீழ்வரை குச்சிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் நின்று அடிக்கட்டை மேல் இறங்க வேண்டும். ஒரு குச்சி 3 அங்குலம் தள்ளியிருந்தால் மேலே உள்ள எடை கீழ்ப் பலகையை அந்த இடத்தில் வளைத்துவிடும். ஒரே வரிசையில் பலகைகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி. மேலே கல்லோ சிமெண்ட் கட்டையோ வைத்து நல்ல பாரம். மூடுவது மேற்புறம் மட்டும். பக்கத்தையும் தார்ப்பாயால் சுற்றினால் பூஞ்சை பிடிக்கும்.

அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது குத்துமதிப்பு. லேசான மரம் காற்றோட்டத்தில் சில மாதத்தில் காயும், கனமான மரம் ஒரு வருடத்தையும் தாண்டும்.

15. உளிமுனை

அடுக்குவதற்கு முன் பட்டையை முழுவதும் உரித்துவிடுங்கள், பட்டைக்கடியில்தான் வண்டு குடியேறும். வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் பெரிய துளையுள்ள மரங்களில் தூள் வண்டு முட்டையிடும். 1, 2 மில்லிமீட்டர் ஓட்டை, அடியில் முகப்பவுடர் போல மெல்லிய தூள், இவைதான் அடையாளம். பழைய ஓட்டையா, உயிருள்ளதா என்று தெரிய வேண்டுமானால் பலகையைத் தட்டிச் சுத்தம் செய்து, கறுப்புத் தாள் விரித்து அதன்மேல் ஒரு வாரம் அசையாமல் வையுங்கள். தாளில் புதுத் தூள் விழுந்திருந்தால் அந்தப் பலகையை மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். வெள்ளையை அறுத்துத் தள்ளுவதே உறுதியான மருந்து. வெள்ளை இல்லாமல் முடியாத வெளிர்மரமானால் பச்சையாக இருக்கும்போதே போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலில் ஊறவைக்க வேண்டும், காய்ந்தபின் பூசினால் உள்ளே இறங்காது.

16. ஈர்வாள்

மில்லுக்கு எடுத்துப் போக முடியாத குட்டைத் துண்டுக்கு ஒரு வார்த்தை. பேண்ட் சா (வளையமாக ஓடும் பட்டை ரம்பம்) வைத்திருக்கிற நண்பர் யாராவது அறுத்துக் கொடுத்தால், உருண்டையை அப்படியே மேசையில் வைத்துத் தள்ள விடாதீங்க. பிளேடு கடிச்ச நொடியே கட்டை உருளும், பிளேடு அறுந்து தெறிக்கும். ஒரு தட்டைப் பலகையில் கட்டையை இரண்டு முனையிலும் திருகாணி போட்டு அசையாமல் பிணைச்சு, அந்தப் பலகையோடு தள்ளணும். ஒரு முகம் தட்டையாயிட்டால் பிறகு பயமில்லை.

17. மரத்தூள்

ரொம்ப நன்றி. இப்படிச் செய்யப் போறேன்: பெட்டிகளுக்குப் பட்டறை வெட்டுத்துண்டு, அதை இந்த வாரமே கேட்கறேன். அலமாரிக்கு அந்த மரத்துண்டை 1 அங்குலமா அறுத்து அடுக்கறேன். ஆறு மாசம் கழிச்சு மீட்டர் வைச்சுப் பார்த்துட்டு வேலை தொடங்கறேன்.

18. இழைப்புளி

இரண்டு மாற்றம் செய்யுங்கள். அறுப்பது 1 அங்குலமாக வேண்டாம், ஒன்றே கால் அங்குலமாக அறுக்கச் சொல்லுங்கள். 1 அங்குலப் பச்சைப் பலகை சுருங்கி, குழிந்து, இரு முகமும் இழைத்தபின் முக்கால் அங்குலம் நிற்காது. கன அடியில் கால் பங்கு கூடும்: ரசமட்டம் சொன்ன 1.9 என்பது 2.4 ஆகும், 2.5-க்குள் அடங்கிவிடும்.

ஆறு மாதம் என்று நாள்காட்டியை நம்பவும் வேண்டாம். அடுக்கின் நடுவரிசையில் ஒரு பலகையை, வெளியே இழுக்க வசதியாக, பாரம் ஏறாதபடி வையுங்கள். அதன் மேல் குச்சி அழுத்தாமலிருக்க அந்த இடத்தில் குச்சிக்குச் சின்ன வெட்டு போட்டால் போதும். பத்து நாளைக்கு ஒருமுறை அதை எடுத்து எடைபோட்டு, தேதியையும் எடையையும் பலகையின் மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். தொடர்ந்து மூன்று எடைகள் மாறாமல் நின்றால் அடுக்கைப் பிரிக்கலாம். பிரித்ததும், அலமாரி நிற்கப்போகும் அறைக்குள்ளேயே மறுபடி குச்சி வைத்து மூன்று வாரம் அடுக்குங்கள்.

19. மரத்தூள்

சரி, ஒன்றே கால். மில்லுக்குப் போகும்போது முனையில் பூச மெழுகும் கையோடு எடுத்துட்டுப் போறேன்.